கூடை மாட்ட ஓர் ஆணி

2024 மே 6, திங்கள்

அந்தித் தேயிலைக் கொழுந்தை எடை நிறுத்துவிட்டுப் போகும் வழியில் மேட்டு லயத்துப் பெரியம்மா வந்தார். அம்மாவும் அவரும் ஒரே மலையில் நிரை பிடித்துக் கொழுந்து பறித்து முப்பது வருசம். நாங்கள் லயத்து வரிசை வீட்டில் இருந்தபோது அவர் வந்தால் யாரும் "வாங்க" என்று சொல்லும்வரை காத்திருக்க மாட்டார். முன்திண்ணையான இஸ்தோப்பைத் தாண்டி நேரே குசினிக்குப் போய், அடுப்படியில் மணையை இழுத்துப் போட்டு உட்கார்ந்த பிறகுதான் "தேத்தண்ணி இருக்கா" என்று கேட்பார். இன்று வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"உள்ள வாங்க பெரியம்மா."

"இருக்கட்டும் புள்ள. காலெல்லாம் சேறு. இடுப்புல கட்டுன படங்கு வேற நனைஞ்சு கெடக்கு."

மூன்று தடவை கூப்பிட்டேன். அம்மா தேத்தண்ணியைப் படிக்கே கொண்டுபோய்க் கொடுத்தார். தூறலில் நின்றபடி குடித்துவிட்டுப் போனார். அவ்வளவு நேரமும் கூடைக் கயிறு அவர் தலையிலேயே இருந்தது.

இந்தத் தனி வீட்டுக்கு வந்து எட்டு மாதம். 7 பேர்ச் காணி, 550 சதுர அடி வீடு, இரண்டு அறை, ஹால், குசினி. எங்கள் பரம்பரையில் யாருக்கும் வாய்க்காதது. ஆனால் இந்த எட்டு மாதத்தில் ஹாலில் உட்கார்ந்து பேசிவிட்டுப் போனவர்கள் நாலைந்து பேர்தான், அவர்களும் டவுனிலிருந்து வந்தவர்கள். அம்மாவோடு மலையேறும் ஒருத்தர்கூட உட்காரவில்லை. பெரியம்மா போனபின் ஹாலின் நடுவில் நின்று பார்த்தேன். தம்பி கொழும்பில் உழைத்துத் தவணைக்கு வாங்கித் தந்த குஷன் செட், பொலித்தீன் உறை கழற்றாமல் மூன்று சுவரிலும் முதுகை ஒட்டிக்கொண்டு இருக்கிறது. நடுவில் வெறும் டைல்ஸ். எதிரே கண்ணாடி ஷோகேஸ். மேலே வெள்ளை டியூப் லைட். டோக்கன் எடுத்துக் காத்திருக்கும் இடம் மாதிரித்தான் தெரிந்தது.

இதை மாற்ற வேண்டும். செய்வதை இங்கே எழுதி வைக்கிறேன்.

மே 8, புதன்

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அம்மாவிடம் கேட்டேன்: "லயத்துல வர்றவங்க எங்கம்மா உக்காருவாங்க?"

யோசித்து யோசித்துச் சொன்னார். காம்பரா என்ற அறை 10 அடிக்கு 12 அடி. அதில் கட்டில், அலுமாரி, சாமிப்படம் போக இடமே கிடையாது, அதனால் அங்கே யாரும் உட்கார மாட்டார்கள். உட்கார்ந்தது இஸ்தோப்பிலும் குசினியிலும்தான். இஸ்தோப்பில் கூடையை இறக்குவார்கள். குசினியில் அடுப்பைச் சுற்றி இரண்டு மணை, கவிழ்த்துப் போட்ட ஒரு தேயிலைப் பெட்டி, விறகுக் கட்டு. ஈரத் தலைத்துண்டு அடுப்புக்கு மேலே கொடியில் காயும். ஒருவர் முகம் ஒருவருக்கு இரண்டு முழத் தூரத்தில் இருக்கும்.

அந்தத் தேயிலைப் பெட்டி இன்னும் இருக்கிறது, அம்மாயி காலத்துப் பெட்டி. ஒட்டுப்பலகையும் விளிம்பில் தகரமுமாக, ஃபேக்டரியில் தூள் அடைத்துக் கொழும்புக்கு அனுப்பிய வகை. இப்போது தூள் காகிதப் பையில் போவதால் இப்படிப் பெட்டியைப் பார்ப்பதே அபூர்வம். இங்கே வந்த பிறகு பழைய துணியும் கடுதாசியும் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்திருக்கிறோம்.

மே 11, சனி

சாமான்களைத் தூக்குவதற்கு முன்னால் அளந்தேன். நீள இருக்கையான செட்டியின் அளவுக்கும் கதிரைகளின் அளவுக்கும் பழைய பத்திரிகைத் தாளை வெட்டித் தரையில் பரப்பி, எப்படி வைத்தால் நடக்க வழி இருக்கும் என்று பார்த்தேன். பாரமான சாமானைப் பத்துத் தடவை இழுத்து இடுப்பைப் பிடித்துக்கொள்வதைவிட இது நல்லது. ஆள் தாராளமாக நடக்க மூன்றடி வேண்டும், இரண்டரை அடியென்றாலும் சமாளிக்கலாம். செட்டிக்கும் முன்னாலுள்ள மேசைக்கும் இடையில் ஒன்றரை அடி விட்டால் முழங்கால் இடிக்காது, கை நீட்டினால் கோப்பையும் எட்டும்.

ஒற்றைக் கதிரை இரண்டையும் சுவரிலிருந்து பிரித்து, செட்டியைப் பார்த்தபடி சற்றுச் சாய்வாகப் போட்டேன். முகத்துக்கு முகம் ஆறடி. இனிக் குரலை உயர்த்திப் பேசத் தேவையில்லை. டீவியை மூலைக்குத் தள்ளினேன். ஷோகேஸ் ஹாலிலிருந்து அறைக்குப் போய்விட்டது. நடுவில் தேயிலைப் பெட்டியைத் துடைத்து மேசையாக வைத்தேன், உயரம் சரியாக வந்தது.

பொலித்தீன் உறையைக் கழற்றத்தான் அம்மா விடவில்லை. "அவன் காசு கட்டி முடிக்கல. கறை பட்டா?" மேலே துவைக்கக்கூடிய பருத்தி விரிப்புப் போடுகிறேன் என்று சொல்லி ஒப்புக்கொள்ள வைத்தேன். இந்தக் குளிரில் பொலித்தீன்மேல் உட்காருவது தண்ணீர் விழும் பீலிக் கல்மேல் உட்காருவது போலத்தான். உறையை அம்மா மடித்துப் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

மே 12, ஞாயிறு

அறை அலுமாரியை நகர்த்தினால் பின்னால் சுவர் முழுக்கக் கறுப்புப் பூஞ்சணம். அது மழைச்சாரல் அடிக்கிற வெளிச்சுவர். நம் மூச்சும் சமையல் ஆவியும் குளிர்ந்த சுவரில் பட்டுத் தண்ணீராகிறது, காற்றுப் போக வழியில்லாமல் அங்கேயே தங்குகிறது. லயத்தில் அடுப்புச் சூடும் புகையும் நாள் முழுக்கச் சுவரைக் காய வைத்தன. இங்கே கேஸ் அடுப்பு, ஜன்னலும் எப்போதும் சாத்திக் கிடக்கிறது.

முகமூடி கட்டிக்கொண்டு சவர்க்காரத் தண்ணீரால் தேய்த்துக் கழுவி, நாள் முழுக்க உலர விட்டு, அலுமாரியை உட்சுவர்ப் பக்கம் மாற்றினேன். வெளிச்சுவரில் வைத்தே ஆகவேண்டிய கட்டில் தலைமாட்டுக்கு நான்கு அங்குல இடைவெளி. பத்து மணிக்கு வெயில் எட்டிப் பார்த்தால் எதிரெதிர் ஜன்னல்களை அரை மணி நேரம் திறக்க வேண்டும். மலையில் வீட்டை அழகுபடுத்துகிறவர்கள் முதலில் செய்யவேண்டியது இதுதான் என்பேன். பூஞ்சண வாடை அடிக்கிற வீட்டில் எந்தத் திரைச்சீலை போட்டும் பிரயோசனமில்லை.

மே 18, சனி

தலவாக்கலை டவுனில் பல்ப் வாங்கினேன். பெட்டியில் 6500 கெல்வின் என்று போட்டிருந்தால் நீலம் கலந்த வெள்ளை வெளிச்சம், 2700 என்றால் பழைய குண்டு பல்ப் மாதிரி மஞ்சள். எண் கூடக் கூட வெளிச்சம் குளிர்ந்ததாகத் தெரியும். பிள்ளைகள் படிக்கிற மேசைக்கு வெள்ளை நல்லது. ஐந்து மணிக்கே பனிமூட்டம் இறங்குகிற ஊரில் ஹாலுக்கும் வெள்ளை எதற்கு?

2700இல் இரண்டு வாங்கினேன். ஒன்று வாசலுக்கு உள்ளே, தோளுயரத்தில். மற்றது மூலையில், நிலத்திலிருந்து மூன்றடியில். புதுக் கன்று நடப் பிடுங்கிப்போட்ட தேயிலைத் தூர் ஒன்றை மண் கழுவிக் காய வைத்திருந்தேன், அதன்மேல் விளக்கு நிற்கிறது. டியூப் லைட்டை அணைத்து இரண்டையும் போட்டதும் அம்மா குசினியிலிருந்து எட்டிப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அந்த ஹாலில் அம்மா காரணமில்லாமல் உட்கார்ந்து நான் பார்த்தது இன்றுதான்.

மே 23, வியாழன், வெசாக்

தம்பி லீவில் வந்திருக்கிறான். டவுன் பக்கம் வெசாக் கூடுகள் காற்றில் ஆடுகின்றன. இந்தக் காற்றில் அவை தாங்குவதே பெரிது.

பெட்டியிலிருந்த கடுதாசிகளை எடுத்து வைத்தபோது ஒரு படம் கிடைத்தது. ஸ்டூடியோவில் எடுத்தது, பதினொரு பேர். தோட்டத்து மக்களை இரண்டு நாட்டுக்கும் பிரித்த 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு என்று எழுதப்பட்டவர்களில் அம்மாவின் பெரியப்பா குடும்பமும் ஒன்று. தலைமன்னாரில் கப்பலேறுவதற்கு முந்திய வாரம், போகிறவர்களும் இருக்கிறவர்களுமாக எடுத்துக்கொண்ட படம். லயத்தில் புகை படியும் என்று அம்மாயி அதை வெளியே வைத்ததே இல்லையாம்.

தம்பி சட்டம் போட்டுக்கொண்டு வந்தான். அப்பாவின் படம் இருப்பதுபோல மேலே, கூரையோரம் மாட்டப் போனான். தடுத்தேன். அப்பா படத்துக்கு விளக்கு வைத்துக் கும்பிடுகிறோம், அது மேலே இருக்கட்டும். இது பார்த்துப் பேசவேண்டிய படம். உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்கு நேராக, நிலத்திலிருந்து மூன்றேமுக்கால் அடியில் மாட்டினோம்.

மே 28, செவ்வாய்

இன்று அழுகை வந்தது.

பலத்த காற்று மழை. அந்தியில் பெரியம்மாவோடு இன்னும் இரண்டு பேர் ஒதுங்கினார்கள். நான் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்தேன். வந்தார்கள். விளக்கைப் பார்த்து "நல்லா இருக்கு புள்ள" என்றார்கள். செட்டியைக் காட்டினேன். மூவரும் கதவோரத்து டைல்ஸில் குந்தினார்கள். கூடைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியோடு அணைத்துப் பிடித்துக்கொண்டார்கள். ஒருவர் காலில் அட்டை கடித்து ரத்தம் வடிந்தது. அதைத் தரையில் படாமல் முந்தானையால் பொத்திக்கொண்டார். 1,700 ரூபா நாட்சம்பளம் வருமா வராதா என்று கொஞ்சம் பேசினார்கள். மழை விட்டதும் எழுந்து, குந்தியிருந்த இடத்தைத் தங்கள் துண்டாலேயே துடைத்துவிட்டுப் போனார்கள்.

மூன்று கிழமையாக நான் செய்ததெல்லாம் எனக்குப் பிடித்ததைத்தானா என்று அம்மாவிடம் கேட்டேன்.

அம்மா சொன்னார்: "பங்களாவுலயும் ஆபீஸ்லயும்தான் செட்டியப் பாத்திருக்கோம். அதுக்கு முன்னால நின்னுதான் பழக்கம். அவங்க மேல ஏன் வருத்தப்படுற? நீ கூடைய எறக்கி வைக்க எடம் வச்சியா?"

வைக்கவில்லை. உட்கார்ந்தபின் ஒருவருக்கு எப்படி இருக்கும் என்றே யோசித்திருக்கிறேன். மலையிலிருந்து நேரே வருகிறவருக்கு அதற்கு முன்னால் நான்கு காரியம் இருக்கின்றன: கூடையை இறக்க வேண்டும், படங்கை அவிழ்க்க வேண்டும், கால் கழுவ வேண்டும், அட்டை பார்க்க வேண்டும். இதற்கெல்லாம் இஸ்தோப்பு இருந்தது. புது வீட்டுக் கதவு திறந்தால் நேரே டைல்ஸ்.

ஜூன் 1, சனி

காற்றில் விழுந்த சவுக்கு மரத்தை முன்பே அறுத்து அடுக்கி வைத்திருந்த மரவேலை பாஸிடம் காய்ந்த பலகையாகக் கேட்டு வாங்கி, ஒரு வாங்கு, அதாவது பெஞ்சு, அடிக்கச் சொன்னேன். ஐந்தடி நீளம். உயரத்தில் நானும் அம்மாவும் நெடுநேரம் பேசினோம். செட்டி மெத்தை ஆளை உள்ளே இழுக்கிறது, இடுப்பு விட்டுப்போனவர்களுக்கு அதிலிருந்து எழும்புவது பெரும்பாடு. மணை மாதிரி தாழ்வாக இருந்தால் பெரியம்மாவின் முழங்கால் மடங்காது. கடைசியில் 15 அங்குலம். பொலிஷ் வேண்டாம் என்றார் அம்மா. மினுங்கினால் மறுபடியும் பயப்படுவார்களாம்.

வாங்கைச் செட்டிப் பக்கம் போடவில்லை. வாசலுக்கு உள்ளே இடப்பக்கம், கதவு முழுக்கத் திறக்க இடம் விட்டு. எதிரே சுவரில் நாலடி உயரத்தில் ஐந்து பெரிய ஆணி, கூடையைத் தோளுக்கு மேல் தூக்கத் தேவையில்லாத உயரம். கீழே சாக்கு. படியோரக் குழாயடியில் ஒரு வாளி, சவர்க்காரம், அட்டைக்குச் சிரட்டையில் உப்பு.

ஒற்றைக் கதிரை ஒன்றை அறைக்கு எடுத்துவிட்டேன். மற்றதையும் செட்டியையும் தேயிலைப் பெட்டியையும் வாங்கின் பக்கமாக இழுத்தேன். இப்போது எல்லாம் சேர்ந்து ஒரு வட்டம், வட்டத்தின் வாய் வாசல் பக்கம். படத்தையும் கழற்றி, வாங்கிலிருந்து பார்த்தால் தெரியும் சுவருக்கு மாற்றினேன்.

ஜூன் 6, வியாழன்

பெரியம்மா வந்தார். வாளியைப் பார்த்தார். யாரும் சொல்லாமலே கால் கழுவினார். உள்ளே வந்து ஆணியைப் பார்த்து, "கூடைக்கா?" என்று கேட்டார். கயிற்றைத் தலையிலிருந்து எடுத்து மாட்டினார். படங்கை அடுத்த ஆணியில். வாங்கில் உட்கார்ந்து, ஒரு கையால் பலகையைத் தடவிப் பார்த்தார்.

"தேத்தண்ணி இருக்கா?"

அம்மா குசினிக்குப் போய் வருவதற்குள் பெரியம்மா படத்தைப் பார்த்துவிட்டார். எழுந்து கிட்டே போகவில்லை, போகத் தேவைப்படவில்லை. கீழ் வரிசையில் ஓரமாகப் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் சிறுபிள்ளையைக் காட்டி, "இது நாந்தான்" என்றார். அவர்கள் பக்கத்துக் காம்பரா, அன்று டவுனுக்குக் கூடப் போனாராம். பிறகு ஒவ்வொருவராகச் சொன்னார்: இவர் ராமேஸ்வரத்தில் இறங்கியதும் கடிதம் போட்டவர், இவர் நீலகிரிக்குப் போனவர், இவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அம்மாவுக்கே தெரியாத இரண்டு பெயர்கள் கிடைத்தன. படத்தின் பின்னால் எழுதி வைத்தேன்.

இருட்டியபின் டோர்ச் கொடுத்து அனுப்பினோம்.

ஜூன் 13, வியாழன்

பெரியம்மா சொல்லியிருக்க வேண்டும். இன்று மழையில் ஆறு பேர் வந்தார்கள். வாங்கில் நால்வர், தேயிலைப் பெட்டியில் ஒருவர், குசினி வாசலில் மணை போட்டு ஒருவர். செட்டியில் நான் மட்டும். அவர்கள் உட்காரட்டும், உட்காராமல் போகட்டும், எனக்கு இப்போது அதில் மனக்குறை இல்லை. ஹால் முழுக்க ஈரத் தேயிலை வாசம்.

ஆணி ஐந்துதான். ஆறாவது கூடையைக் கையில் வைத்துக்கொண்டு அந்தச் சித்தி சுற்றிப் பார்த்தார். அம்மா அதை வாங்கி, தம்பியின் செட்டியில், என் பக்கத்தில் வைத்தார்.