மணிக்கு எட்டு மைல்: சார்ல்ஸ்டனிலிருந்து செயின்ட் அகஸ்டின் வரை படகில் இருவர்

அட்லாண்டாவுக்கோ சார்லட்டுக்கோ வேலைக்கு வந்து சேர்ந்த தம்பதிகள் ஃப்ளோரிடா போவதென்றால் ஐ-95 நெடுஞ்சாலையைப் பிடிப்பார்கள். சவானாவிலிருந்து ஜாக்சன்வில் காரில் இரண்டு மணி நேரம். அந்தச் சாலைக்குக் கிழக்கே சில மைல் தள்ளி நீர்வழி ஒன்று கூடவே ஓடுகிறது. அதில் போனால் நான்கு நாள்.

அட்லாண்டிக் இன்ட்ராகோஸ்டல் வாட்டர்வே என்பது அதன் பெயர். படகுக்காரர்கள் செல்லமாக 'டிட்ச்' என்பார்கள், நம் பேச்சில் வாய்க்கால். சென்னைக்காரர்களுக்கு பக்கிங்காம் கால்வாயைச் சொன்னால் சட்டென்று விளங்கிவிடும்: கடலுக்குள் இறங்காமல், கரையை ஒட்டியுள்ள ஆறுகளையும் உப்பங்கழிகளையும் வெட்டிய கால்வாய்களால் கோத்த வழி. வெர்ஜீனியாவின் நார்ஃபோக்கில் மைல் 0. தெற்கே போகப் போக எண் ஏறும். சார்ல்ஸ்டன் மைல் 469, செயின்ட் அகஸ்டின் மைல் 778. இடையிலுள்ள 309 மைலைப் பற்றித்தான் இங்கே பேச்சு. ஒரு எச்சரிக்கை: இந்த மைல், சாலை மைல் (1.609 கி.மீ.). படகின் ஜி.பி.எஸ். பெரும்பாலும் கடல் மைலில் (1.852 கி.மீ.) காட்டும். இரண்டையும் கலந்துவிட்டால் இருட்டுவதற்குள் சேர வேண்டிய இடத்துக்கு ஒரு மணி நேரம் பிந்திப் போய்ச் சேர்வீர்கள்.

முதலில் காகிதங்கள். அமெரிக்காவில் பொழுதுபோக்குப் படகு ஓட்ட கார் ஓட்டுநர் உரிமம் போன்ற ஒன்று கிடையாது. பாதுகாப்புப் பாடம் முடித்த அட்டை உண்டு. ஃப்ளோரிடாவில் 1988 ஜனவரி 1 அல்லது அதற்குப் பின் பிறந்தவர்கள் 10 குதிரைத்திறனும் அதற்கு மேலும் உள்ள படகை ஓட்ட அந்த அட்டை வேண்டும். ஜார்ஜியாவில் அந்தப் பிறந்தநாள் வரம்பு 1998 ஜனவரி 1. வயது எதுவானாலும் இருவருமே பாடத்தை முடித்துவிடுங்கள், இணையத்திலேயே முடித்துவிடலாம். ஓட்டத் தெரிந்த ஒருவர் தடுக்கி விழுந்தால் மற்றவர் படகைக் கரை சேர்க்க வேண்டும் அல்லவா?

குடியுரிமை இல்லாதவர்களும் படகு வாங்கி மாநிலத்தில் பதிவு செய்யலாம். கடலோரக் காவல்படையின் கூட்டரசுப் பதிவுதான் குடிமக்களுக்கு மட்டும். கிரீன் கார்டு போதாது. சில வங்கிகள் படகுக் கடனுக்கு அந்தப் பதிவைக் கேட்கும் என்பதால், முன்பணம் கொடுப்பதற்கு முன்பே விசாரித்துவிடுங்கள். படகிலிருந்து பேசப் பயன்படும் வி.எச்.எஃப். ரேடியோவுக்கு உள்நாட்டு நீரில் உரிமம் வேண்டாம். காவல்படையினர் வாரண்ட் இல்லாமலே படகில் ஏறிச் சோதிக்கலாம். அவர்கள் பார்ப்பது ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட், தூக்கிப் போடும் மிதவை, தீயணைப்பான் (ஒருமுறை மட்டும் பயன்படும் வகையானால் தயாரித்து 12 ஆண்டுக்குள் இருக்க வேண்டும்), ஆபத்தில் கொளுத்திக் காட்டும் ஒளிச்சுடர்கள் (42 மாதத்தில் காலாவதி), கழிவறை வால்வு. அடையாள அட்டைகளை நீர் புகாத உறையில் போட்டு, சுக்கான் அருகிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

படகு என்றால் 34 முதல் 38 அடி நீள, ஒற்றை டீசல் எஞ்சின் டிராலர் (மீன்பிடிப் படகு அல்ல, உள்ளேயே தங்கிப் போகும் நிதானப் படகு). வேகப் படகு இந்த வழிக்கு வீண். டிராலர் 7 நாட் (மணிக்கு 7 கடல் மைல்) வேகத்தில், அதாவது மணிக்கு 8 சாலை மைலில், நிதானமாகப் போகும். மணிக்கு இரண்டரை காலன் டீசல் என்று வைத்துக்கொண்டால் 309 மைலுக்கு 39 மணி நேரம், ஏறக்குறைய 97 காலன். எதிர் நீரோட்டத்துக்கும் சுற்றுவழிக்கும் 30 காலன் கூட்டுங்கள். வாடகைக்குத் தருபவர்கள் முன் அனுபவம் கேட்பார்கள். அனுபவம் இல்லையென்றால் பயிற்சி தரும் கேப்டன் ஒருவரை முதல் இரண்டு நாளுக்குக் கூட ஏற்றிக்கொள்ளலாம். செலவில் கை வைக்க வேண்டுமென்றால் மரினாவில் (படகு கட்டித் தங்கும் துறை) கழிக்கும் இரவுகளைக் குறையுங்கள், இதைக் குறைக்காதீர்கள்.

காலம் அக்டோபர் கடைசி முதல் நவம்பர் நடு வரை. சூறாவளிப் பருவம் நவம்பர் 30 வரை கணக்கு. தேதி, எல்லை பற்றி காப்பீட்டுத் தாள் என்ன சொல்கிறது என்று படித்துவிடுங்கள். நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரத்தைப் பின்னுக்கு வைப்பார்கள், அதன்பின் ஐந்தரைக்கே இருட்டிவிடும். விளக்கில்லாத குறிக்கம்பங்களும் நண்டுக்கூட்டு மிதவைகளும் நிறைந்த வழி இது, இரவில் ஓட்டாதீர்கள். ஆக, ஒரு நாளைக்கு 40, 45 மைல். ஏழெட்டு நாள் பயணம்.

இனி நீர். இந்த வழியில் நாளைத் தீர்மானிப்பது எஞ்சின் அல்ல, ஓதம்தான், அதாவது கடல் நீரின் ஏற்ற இறக்கம். சென்னை மெரினா கடற்கரையில் நின்று பார்ப்பவர்களுக்கு இது தெரியாது. நம் ஊர்க் கடலில் ஏற்ற இறக்கம் மூன்று நான்கு அடிதான் என்பதால் நாம் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஜார்ஜியாக் கரையில் 7 முதல் 9 அடி. காலையில் கண்ணுக்கெட்டிய தூரம் புல்வெளியாகத் தெரியும் சதுப்பு, மதியம் பாதி மூழ்கிவிடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இன்னும் கூடும். வீட்டில் தினசரிக் காலண்டர் தொங்கினால், தேதி குறிக்கும்போதே அதைப் பாருங்கள். அந்த நாட்களில் வற்றும் நீர் வழக்கத்தைவிடக் கீழே போகும். மேற்கிலிருந்து பலமாகக் காற்றடித்தால் நீரைக் கடல் பக்கம் தள்ளி இன்னும் ஓர் அடி குறைத்துவிடும்.

தாழ்நிலையிலிருந்து உச்சிக்கு ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேல். ஆனால் நீர் ஒரே சீராக ஏறாது. பன்னிரண்டு பங்கு என்று வைத்தால் முதல் மணியில் 1, இரண்டாம் மணியில் 2, மூன்றிலும் நான்கிலும் 3, ஐந்தில் 2, ஆறில் 1. 8 அடி ஏற்றமானால் அங்குலக் கணக்கில் 8, 16, 24, 24, 16, 8. மூன்றாம், நான்காம் மணியில் இரண்டரை நிமிடத்துக்கு ஓர் அங்குலம்! இறங்கும்போதும் அப்படியேதான்.

இந்தக் கணக்கு உயிர் பெறும் இடங்கள் மைல் 602 அருகிலுள்ள ஹெல் கேட், 655 அருகிலுள்ள லிட்டில் மட் ரிவர், 684இல் ஜெகில் க்ரீக். அரசுக் கணக்கில் இந்த வழியின் ஆழம் 12 அடி. ஆனால் இங்கெல்லாம் வண்டல் படிந்து, தாழ்நீரில் அதில் பாதிகூட இராது. கழிமுகங்களுக்கு நடுவே இரண்டு பக்கத்து ஓதமும் வந்து சந்திக்கிற இடத்தில் நீரோட்டம் செத்துப்போகும். ஓட்டம் நின்றால் சேறு கீழே இறங்கும். குறுகிய இணைப்பு வாய்க்கால்கள் அடிக்கடி தூர்ந்துபோவதற்கு இது ஒரு காரணம்.

இந்த மூன்று இடங்களையும் நீர் பாதி ஏறியபின், இன்னும் ஏறிக்கொண்டிருக்கும்போது கடப்பதுதான் சரி. தாழ்நீர் காலை 6 மணிக்கு என்றால் 9 மணிக்கு நுழைவாயில் வந்து சேருங்கள். 'உச்சி நீரில் போனால் இன்னும் ஆழம்தானே' என்று தோன்றும். அங்கேதான் மாட்டிக்கொள்வார்கள். ஏறும் நீரில் தரை தட்டினால் கால் மணி நேரத்தில் நீரே தூக்கிவிடும். உச்சியில் தட்டினால் அடுத்த உச்சி வரை, பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல், படகு சாய்ந்து கிடக்கும். அடுத்த உச்சி சற்றுத் தாழ்வாக அமைந்தால் அதற்கும் அடுத்தது.

தட்டிவிட்டால் முன்னே முடுக்காதீர்கள். கியரை நடுநிலைக்குக் கொண்டுவந்து, வந்த வழியே மெதுவாகப் பின்னோக்கி. நீர் இறங்கிக்கொண்டிருந்தால் உங்களுக்கு இரண்டு மூன்று நிமிடம்தான் அவகாசம். புரொப்பெல்லர் கிளறிய சேறு, எஞ்சினைக் குளிர்விக்கும் கடல்நீர்க் குழாய்க்குள் போயிருக்கும். விடுபட்டதும் வெப்பமானியைப் பாருங்கள், நங்கூரம் போட்டதும் வடிகட்டியைத் திறந்து கழுவுங்கள். இதைச் செய்யாமல் மறுநாள் நடு வழியில் எஞ்சின் சூடேறி நின்றுபோனவர்கள் ஏராளம். இழுவைப் படகுச் சேவையில் ஆண்டுச் சந்தா கட்டிவிட்டுக் கிளம்புவது நல்லது. சந்தா இல்லாமல் ஒரே ஒரு முறை அழைத்தால் ஆகும் செலவு பல ஆண்டுச் சந்தாவை விழுங்கும்.

வழிக்குறிகளில் மஞ்சள் முக்கோணமும் மஞ்சள் சதுரமும் ஒட்டியிருக்கும். தெற்கே போகும்போது முக்கோணம் வலப்பக்கம், சதுரம் இடப்பக்கம். சிவப்பா பச்சையா என்று குழம்பினாலும் மஞ்சளை நம்பலாம். குழப்பம் வருவது கழிமுகங்களில். கடலிலிருந்து உள்ளே வரும் கப்பல்களுக்கான குறிகளும் அங்கே கலந்து நிற்கும். முன்னால் உள்ள குறியை மட்டும் பார்த்து ஓட்டினால் பக்க நீரோட்டம் சத்தமில்லாமல் ஓரத்துக்குத் தள்ளிவிடும். பின்னால் விட்டுவந்த குறியையும் அடிக்கடி திரும்பிப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவே நேர்கோட்டில் இருக்கிறோமா என்பதே கேள்வி.

ஜார்ஜியாவில் மரினாக்கள் குறைவு. ஐல் ஆஃப் ஹோப் (மைல் 590) தாண்டினால் செயின்ட் சைமன்ஸ், ஜெகில் பக்கம் வரும்வரை பெரும்பாலும் புல்லும் வானமும்தான். பலர் இதற்குப் பயந்து கடல் வழியே ஒரே தாவலில் ஃப்ளோரிடா போய்விடுகிறார்கள். இந்த வழியின் மிக நல்ல பகுதியை விட்டுவிட்டுப் போகிறார்கள் என்றே சொல்வேன். ஆனால் இங்கே தங்குவதென்றால் நங்கூரம் போடத் தெரிய வேண்டும்.

கணக்கு இதுதான். சேரும்போது 10 அடி ஆழம், அது தாழ்நீர். ஏற்றம் 8 அடி. படகின் முன்முனை நீருக்கு மேல் 5 அடி. மொத்தம் 23. அதை ஐந்தால் பெருக்கினால் 115 அடி சங்கிலி. காற்று வரும் என்றால் ஏழால், 161 அடி. புதியவர்கள் பத்தை ஐந்தால் பெருக்கி 50 அடி விட்டுவிட்டுத் தூங்கப் போவார்கள். நள்ளிரவில் நீர் ஏறியதும் அது இரண்டு மடங்குதான், நங்கூரம் செங்குத்தாக இழுபட்டுப் பிடி விடும். ஓட்டம் இங்கே 2, 3 நாட். திசை மாறும்போது படகு முழுதாகத் திரும்பும். அந்த நேரம் இரவு இரண்டரை மணியானாலும் அலாரம் வைத்து எழுந்து ஒருமுறை பாருங்கள்.

நங்கூரம் போடுகையில் கத்தல் இல்லாத தம்பதி அபூர்வம். ஒருவர் முன்முனையில், ஒருவர் சுக்கானில், நடுவே எஞ்சின் சத்தம். பெரும்பாலும் கணவர் சுக்கானில் நிற்க, மனைவி சங்கிலியோடு மல்லுக்கட்டுவார். தலைகீழாக மாற்றுங்கள்: சுக்கானுக்குப் பலம் வேண்டாம், சங்கிலிக்குத்தான் வேண்டும். 'நிறுத்து' என்ற சொல்லைத் தடை செய்துவிடுங்கள். எஞ்சினையா, சங்கிலியையா என்று அதில் தெரியாது. 'நடுநிலை', 'சங்கிலி போதும்' என்று முழுதாகச் சொல்லுங்கள். 'வலப்பக்கம்' என்றால் யாருடைய வலம்? முன்முனையில் இருப்பவர் பின்னால் திரும்பி நின்று சொன்னால் எல்லாம் மாறிவிடும். எனவே கையை நீட்டிக் காட்டுவதே மேல். இருவருக்குமான ஹெட்செட்டை இங்குள்ளவர்கள் 'மேரேஜ் சேவர்' என்று அழைப்பது வெறும் கேலி அல்ல.

பாலங்களில் பேச்சு சுருக்கமாக இருக்கட்டும். தென் கரோலினா, ஜார்ஜியா, ஃப்ளோரிடாவில் பாலக் காவலரை அழைப்பது சேனல் 9இல், ஆபத்துக்கு 16. முதலில் பாலத்தின் பெயர், பிறகு படகின் பெயர், எந்தத் திசை, என்ன வேண்டும். 'பிரிட்ஜ் ஆஃப் லயன்ஸ், பிரிட்ஜ் ஆஃப் லயன்ஸ், திஸ் இஸ் மோட்டார் வெசல் காவேரி, சவுத்பவுண்ட், ரிக்வெஸ்டிங் யுவர் நெக்ஸ்ட் ஓபனிங்.' நம் உச்சரிப்பில் வி-யும் டபிள்யூ-வும் ஒன்றாகக் கேட்கும். கேட்டால் 'விக்டர்', 'விஸ்கி' என்று எழுத்துக்கூட்டுங்கள். அதற்கு முன் பாலத் தூணில் உள்ள உயரப் பலகையைப் படியுங்கள். மடித்த கம்பத்தோடு உங்கள் படகின் உயரம் தெரிந்திருந்தால் பல பாலங்களைத் திறக்கச் சொல்லாமலே கடக்கலாம்.

சமையலுக்குப் பிரஷர் குக்கரைவிடச் சிறந்த பாத்திரம் படகில் இல்லை. மூடி பூட்டிக்கொள்ளும், கேஸும் நீரும் மிச்சம். புரொப்பேன் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் படகின் அடிவயிற்றில் தேங்கும். சமைத்ததும் சிலிண்டரிலேயே மூடுங்கள். கார்பன் மோனாக்சைடு எச்சரிப்பான் படுக்கை அறையில் கட்டாயம். கழிவுத் தொட்டியை மரினாவில் காலி செய்யத்தான் வேண்டும், இந்த வழியில் நீரில் விட அனுமதி இல்லை.

காற்று விழுந்த அந்தியில் 'நோ-சீ-அம்' என்ற கண்ணுக்குத் தெரியாத பொடிப் பூச்சி வரும். சாதாரணக் கொசுவலைக் கண்ணில் நுழைந்துவிடும். அதற்கென்றே நெய்த நெருக்கமான வலையும் ஒரு சிறிய மின்விசிறியும் வேண்டும்.

ஜெகிலுக்குத் தெற்கே செயின்ட் ஆண்ட்ரூ சவுண்ட் என்ற அகன்ற கழிமுகத்தில் வழி ஏறக்குறையத் திறந்த கடலுக்கே போய்த் திரும்பும். காற்றும் ஓட்டமும் எதிரெதிரானால் அங்கே அலை செங்குத்தாக நிற்கும். ஒரு நாள் ஜெகிலிலேயே காத்திருப்பது கேவலம் இல்லை. அதைக் கடந்தால் கம்பர்லாண்ட் தீவு. கார்னகி குடும்பத்தின் டன்ஜனஸ் மாளிகை 1959இல் எரிந்தபின் சுவர்கள் மட்டும் நிற்க, காட்டுக் குதிரைகள் முற்றத்தில் மேய்கின்றன. தீவில் கடை கிடையாது, குப்பைத்தொட்டி கிடையாது. குடிநீரைக் கொண்டுபோவது நல்லது, குப்பையைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். எதிர்க் கரையில் கிங்ஸ் பே நீர்மூழ்கித் தளம். நீர்மூழ்கி வந்தால் 500 கெஜத்துக்குள் குறைந்த வேகம், 100 கெஜத்துக்குள் போகவே கூடாது.

கிளம்பும் காலையில் அரை மணி நேரம் கூடுதலாக ஒதுக்குங்கள். சங்கிலி மேலே வரும்போது சாம்பல் நிறச் சேறும் கூடவே வரும். இங்கே 'பிளஃப் மட்' என்பார்கள், அழுகின முட்டை நாற்றம். குழாயால் ஒவ்வொரு கண்ணியாகக் கழுவிவிட்டு உள்ளே இறக்குங்கள். அப்படியே இறக்கினால், தலைமாட்டுக்கு அந்தப் பக்கம் சங்கிலிப் பெட்டி இருப்பது அன்றிரவே நினைவுக்கு வரும்.