அம்பைப் பிடுங்கும் முன்

வில்வித்தைப் போட்டிகளுக்கு நேரமும் ஸ்கோரும் பார்க்க ஒரு ஆப் செய்து தர முடியுமா என்று நண்பர் கேட்டபோது, கூட்டல் கணக்குதானே, ஒரு மாதம் போதும் என்றேன். எட்டு மாதம் ஆனது.

கூட்டல் எளிதுதான். 70 மீட்டர் தகுதிச் சுற்றில் 72 அம்புகள், ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் 10, ஆக மொத்தம் 720. ரீகர்வ் (முனைகள் வெளிப்புறம் வளைந்த வில்) நாக்-அவுட் என்றால், சில அம்புகளை ஒரு செட்டாக எண்ணும் முறை, செட்டை ஜெயித்தால் 2 புள்ளி, சமன் என்றால் ஆளுக்கு 1, முதலில் 6 எட்டுபவருக்கு வெற்றி. இதையெல்லாம் ஒரு வாரத்தில் முடித்துவிட்டேன்.

நேரத்தில்தான் முதல் அடி விழுந்தது. இரண்டு பீப் அடித்தால் வீரர்கள் கோட்டுக்கு வர வேண்டும், 10 விநாடி கழித்து ஒரு பீப், அப்போது எய்ய ஆரம்பிக்கலாம், நேரம் முடிந்ததும் மூன்று பீப். மீதி நேரத்தைக் காட்ட என் ஆப் ஒவ்வொரு விநாடியும் ஒன்றைக் கழித்துக்கொண்டே வந்தது. போனுக்கு வேறு வேலை வரும்போதெல்லாம் அந்தக் கழித்தல் கொஞ்சம் தாமதமாகும், ஒரு எண்ட், அதாவது ஒரே தடவையில் எய்யும் அம்புகளின் சுற்று, முடிவதற்குள் நடுவர் கையிலிருந்த ஸ்டாப்வாட்ச்சைவிட என் கடிகாரம் இரண்டு விநாடி பின்தங்கியிருந்தது. பார்க்கச் சின்ன விஷயம். ஆனால் நேரம் முடிந்தபின் ஒரு அம்பு போனால் அந்த எண்டில் அதிகம் வாங்கிய அம்பே பறிபோகும் என்பது விதி, அதாவது என் இரண்டு விநாடியால் ஒரு பிள்ளையின் 10 போகலாம், அல்லது போக வேண்டிய 10 தங்கிவிடலாம். அன்று இரவே மாற்றினேன். எண்ட் முடிய வேண்டிய கணத்தை முதலிலேயே குறித்துவைத்து, போன் ஆன் ஆனதிலிருந்து நிற்காமல் ஓடும் உள் கடிகாரத்தோடு ஒப்பிட்டு மீதியைக் காட்டச் சொன்னேன். திரையில் தெரியும் மணியை நம்பக் கூடாது, அது நெட்வொர்க் வந்ததும் திடீரென்று நகரும்.

பட்டன்களுக்கு இலக்கின் நிறத்தையே கொடுத்தேன்: 10, 9 மஞ்சள், 8, 7 சிவப்பு, அப்படியே வெள்ளை வரை. வெயிலில் எண்ணைவிட நிறம்தான் சட்டென்று கண்ணில் படுகிறது.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது திருத்தும் வசதி. தவறாக 10 அழுத்திவிட்டால் மறுபடி தட்டி 9 ஆக்கிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தேன், வசதியாக இருக்கும் என்று மனதார நம்பினேன். முதல் மாவட்டப் போட்டியில் பெண் நடுவர் ஒருவர் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, இங்க முன்னாடி என்ன இருந்துச்சு?" என்று கேட்டார். என்னால் காட்ட முடியவில்லை. என்னைக் கூட்டிக்கொண்டு டார்கெட்டுக்கு நடந்தார்.

அங்கே ஒருவர் தன் அம்புகளின் மதிப்பைப் பெரிய எண்ணிலிருந்து சிறியதாகச் சொல்ல, மற்றவர்கள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோட்டைத் தொட்டிருந்தால் மேல் மதிப்பு, சந்தேகம் வந்தால் நடுவரைக் கூப்பிட வேண்டும். எழுதி முடியும்வரை யாரும் அம்பையோ இலக்கையோ தொடுவதில்லை. ஒரு சிறுவன் 9 என்று திருத்த வேண்டியிருந்தது. பழைய எண் மேல் ஒரு கோடு போட்டான், அந்த டார்கெட்டில் இருந்த எல்லோரும் பக்கத்தில் கையெழுத்து வைத்தார்கள். பழைய எண் தெளிவாகத் தெரிந்தது. அப்புறம்தான் பிடுங்கினார்கள்.

அம்பு இலக்கில் குத்தி நிற்கும்வரை அதுதான் சாட்சி. பிடுங்கிவிட்டால் எழுதியது மட்டுமே மிச்சம். என் ஆப்புக்கு அந்தக் கணம் என்று ஒன்று இருப்பதே தெரியாது, முன்னும் பின்னும் அதற்கு ஒன்றுதான்.

பாதிக்கு மேல் திரும்ப எழுதினேன். இப்போது எந்த எண்ணும் அழியாது, பழையதன் மேல் கோடு விழும், யார் ஒப்புக்கொண்டார்கள் என்பதும் கூடவே பதிவாகும். காகிதத் தாளையும் நான் நிறுத்தச் சொல்லவில்லை. ஒருவர் தாளில் எழுதுகிறார், இன்னொருவர் போனில் தட்டுகிறார், இருவரும் கூட்டுத்தொகையைச் சத்தமாக வாசிக்கிறார்கள். இரண்டும் ஒன்றாக இருந்து, போனில் 'சரி' தட்டிய பிறகுதான் அம்பில் கை வைக்கிறார்கள். பிறகு அந்த எண்டை நடுவர் மட்டுமே திறக்க முடியும்.