முதலில் அடியைக் கேளுங்கள்

ஜூன் 14
தங்கை மகளோடு குடும்ப நீதிமன்றம் போய் வந்தேன். பிள்ளையைப் பார்க்க அனுமதி கேட்டு அவள் வீட்டுக்காரர் போட்ட இடைக்கால மனுவை இன்று எடுத்தார்கள். அவர் அடித்ததற்கான குடும்ப வன்முறை வழக்கு வேறு ஊரில், மாஜிஸ்திரேட் முன்னால் கிடக்கிறது. குடும்ப வன்முறைப் புகார்களைக் கவனிக்க அரசு நியமித்த பாதுகாப்பு அலுவலர் எழுதிய அறிக்கையும் ஆஸ்பத்திரிச் சீட்டும் அந்த வழக்கின் கோப்பில்தான் இருக்கின்றன. வக்கீல் அதைச் சொன்னதும், "அது தனி கேஸ், அங்கே பார்த்துக்கட்டும்" என்று முடித்துவிட்டார்கள். சனிக்கிழமைதோறும் இரண்டு மணி நேரம், நீதிமன்ற வளாகத்தில் சந்திப்பு என்று உத்தரவு. ஒரே வீட்டில் நடந்ததை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை மட்டும் வைத்து எப்படி முடிவு செய்கிறார்கள்?

ஜூன் 16
காரைக்குடியிலிருந்து சொந்தக்காரர்கள் வந்து முகப்பில் உட்கார்ந்தார்கள். "பெத்த அப்பனுக்குப் பிள்ளையைக் காட்டாம இருக்கலாமா ஆச்சி?" என்றார்கள். காட்டக் கூடாது என்று நான் சொல்லவில்லை. பிரிந்த வீடுகள் பலவற்றில் பிள்ளைக்கு இரண்டு பேரும் வேண்டும்தான். ஆனால் இந்தப் பிள்ளை, அம்மா அடி வாங்கும்போது கதவுக்குப் பின்னால் நின்றவள். பொய்ப் புகாரும் வரும் என்றார் ஒருவர். வரட்டும், அதனால்தானே முதலில் விசாரிக்கச் சொல்கிறேன்!

ஜூன் 22
முதல் சந்திப்பு. மிட்டாய் கொடுத்துவிட்டு அவர் பிள்ளையிடம் கேட்டது: "இப்ப எந்தத் தெருவில இருக்கீங்க? அம்மா எத்தனை மணிக்கு வேலைக்குப் போறா?" ராத்திரி பிள்ளை அதை அப்படியே ஒப்பித்தாள். எனக்குக் கை நடுங்கியது.

ஜூன் 25
வக்கீல் வீட்டில் நெடுநேரம் பேசினோம். 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தில் 21ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. பிள்ளையைத் தற்காலிகமாகத் தாயிடம் விடலாம், தகப்பன் வந்து பார்க்கவும் ஏற்பாடு செய்யலாம். ஆனால் அந்தச் சந்திப்பு பிள்ளைக்குக் கேடு என்று மாஜிஸ்திரேட் கருதினால், அனுமதியை மறுத்தே ஆக வேண்டும். 26ஆம் பிரிவின்படி அதே நிவாரணத்தைக் குடும்ப நீதிமன்றத்திலேயே கேட்கலாம். அப்படியானால் "தனி கேஸ்" என்ற பேச்சுக்கு இடமே இல்லையே! 1890ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டம்கூட, விவரம் தெரிந்த பிள்ளையாக இருந்தால் அதன் விருப்பத்தையும் நீதிமன்றம் கருதலாம் என்கிறது. இங்கிலாந்தில் 2021ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், வீட்டு வன்முறையைப் பார்த்த, கேட்ட பிள்ளையையே பாதிக்கப்பட்டவர் என்று சொல்லிவிட்டது. நம் ஊரில் பிள்ளையை "பாவம், சின்னது, மறந்துடும்" என்கிறோம்.

ஜூன் 29
சந்திப்பு நடந்தது. நீதிமன்ற ஆலோசகரைப் பக்கத்தில் இருக்கச் சொல்லி வக்கீல் எழுதிக் கொடுத்திருந்ததால், இந்தத் தடவை விலாசம் கேட்கவில்லை.

ஜூலை 5
26ஆம் பிரிவு மனுவை எடுத்துக்கொண்டார்கள். பாதுகாப்பு அலுவலர் அறிக்கையின் சான்றிட்ட நகலை நீதிபதி உட்கார்ந்து படித்தார். அடுத்த வாய்தாவில் பிள்ளையிடம் தனியறையில் பேசுவதாகச் சொன்னார். அதுவரை சந்திப்பு இல்லை. படிக்க இருபது நிமிடம் ஆகியிருக்கும். அதை ஜூன் 14 அன்றே செய்திருக்கலாம்.

இதே நிலையில் இருக்கிறவர்கள் அந்த அறிக்கையின் நகலை முதல் வாய்தாவுக்கு முன்பே வாங்கி, சந்திப்பு மனுவுக்கான பதிலோடு சேர்த்துத் தாக்கல் செய்யச் சொல்லுங்கள். உடனடி உதவிக்குப் பெண்கள் உதவி எண் 181. நாளைக்கு ஆஸ்பத்திரிச் சீட்டின் நகலுக்காகத் தேவகோட்டை போக வேண்டும்.