எண்ணூர் சாம்பலை அன்ரியல் எஞ்சின்ல கொண்டு வந்த அனுபவம்

அன்ரியல் மாதிரி கேம் எஞ்சின்ல, அதாவது வீடியோ கேம் செய்யுற சாஃப்ட்வேர்ல, வீடியோ ஆர்ட் பண்ணா அதை ரெண்டர் எடுத்து (கம்ப்யூட்டர முன்னாடியே ஒவ்வொரு ஃப்ரேமா வரைய வெச்சு) ஃபைலா குடுக்கணுமா, இல்ல ஷோ நடக்குற எடத்துல லைவ்வா ஓட விடணுமா? நான் ரெண்டையும் பண்ணிப் பாத்துட்டேன், அதான் எழுதுறேன்.

எடுத்துக்கிட்டது எண்ணூர் முகத்துவாரம். அனல் மின் நிலையச் சாம்பல் கொசஸ்தலை ஆத்துல வருஷக்கணக்கா வந்து படியுது, ஆனா அது படியுற வேகம் எந்த கேமராவுலயும் மாட்டாது, எனக்கு அந்த வேகம்தான் வேணும். கரையில கெடந்த பழைய போட் ஒண்ண சுத்திச் சுத்தி ஃபோன்ல ஃபோட்டோ எடுத்து 3டி மாடலா மாத்தினேன். மேகமூட்டமா இருக்கும்போது எடுங்க, அப்பதான் நிழல் டெக்ஸ்சர்லயே (மாடல் மேல ஒட்டுற படத்துலயே) ஒட்டிக்காது. பெயின்ட் உரிஞ்ச மரம் பிரமாதமா வரும், ஈரச்சேறும் தண்ணியும் வெள்ளை ஃபைபரும் வராது, சாஃப்ட்வேர் புடிச்சுக்க அதுல புள்ளியே கெடைக்காது. தண்ணிய அன்ரியல் 5 உள்ளயே செஞ்சுக்கிட்டேன்.

மொதல்ல ரெண்டர். அன்ரியல்ல ரெண்டர் எடுக்குற டூல் மூவி ரெண்டர் க்யூ, அதுல வார்ம்-அப் ஃப்ரேம் (ஷாட் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி சும்மா ஓட விடுற ஃப்ரேம்) கட்டாயம் குடுங்க, ஏன்னா அன்ரியலோட வெளிச்ச சிஸ்டம் லூமென், வெளிச்சத்த பல ஃப்ரேம் சேத்துதான் கணக்குப் போடும், இல்லன்னா ஷாட் ஆரம்பத்துல மினுமினுன்னு ஆடும். வீடியோவா எடுக்காம பிஎன்ஜி படங்களா எடுங்க, நடுவுல கரண்ட் போனாலும் எடுத்த வரைக்கும் பத்திரமா இருக்கும். 10 நிமிஷம், 25 எஃப்பிஎஸ் (செகண்டுக்கு 25 ஃப்ரேம்)னா 15,000 ஃப்ரேம், ஒரு ஃப்ரேமுக்கு 6 செகண்ட்னு வெச்சா 25 மணி நேரம்.

பாக்க அழகாத்தான் இருந்துச்சு. ஆனா 10 நிமிஷத்துல படிஞ்சு முடியுற சாம்பல் எண்ணூர் சாம்பல் இல்ல. இயன் செங்ங்கற ஆர்ட்டிஸ்ட் 2015-17ல யூனிட்டிங்கற இன்னொரு கேம் எஞ்சின்ல பண்ண எமிஸரீஸ் முடிவே இல்லாம தானா ஓடிக்கிட்டே இருக்குற சிமுலேஷன், அது ஞாபகம் வந்துதான் லைவ்வுக்குப் போனேன்.

வேலை சின்னதுதான். மெட்டீரியல்ல (பரப்பு எப்படித் தெரியணும்னு சொல்ற செட்டிங்) மேல பாத்த பரப்ப மட்டும் மாஸ்க் பண்ணி சாம்பல் டெக்ஸ்சர கலக்கணும், எவ்ளோ கலக்கணுங்கறத ப்ளூபிரின்ட்ல (அன்ரியல்ல கோடு எழுதாம புரோகிராம் பண்ற வழி) கம்ப்யூட்டர் கடிகாரத்தோட கட்டிவிடணும், அவ்ளோதான். காலைல கதவு தொறக்கும்போது போட்டோட நீல பெயின்ட் தெரியும், சாயங்காலம் சாம்பல் மூடியிருக்கும், எதிர்ல உக்காந்து பாக்குறவங்க கண்ணுக்கு எதுவுமே நடக்காது. இத ரெண்டர் பண்ண வீடியோவுல குடுக்கவே முடியாதுன்னு இல்ல, 8 மணி நேர ஃபைல் எடுக்கணும், அதுக்கு மேல கதவு எப்ப தொறக்குறாங்களோ அதுக்கேத்த மாதிரி அது மாறவும் மாறாது.

லைவ்வா வெக்கிறவங்க எஃப்பிஎஸ்ஸ 30ல கட்டிப் போடுங்க, கிராஃபிக்ஸ் கார்டு நாள் பூரா கொதிக்க வேணாம். ஸ்லீப் மோட், விண்டோஸ் அப்டேட் ரெண்டையும் நிறுத்திடுங்க. புரோகிராம ஸ்டார்ட்-அப்ல போட்டு, விண்டோஸ் பாஸ்வேர்ட் கேக்காத மாதிரி வெச்சுட்டா போதும், காலைல யாரு வந்து சுவிட்ச போட்டாலும் அதுவா ஓட ஆரம்பிச்சிடும். ஷோவுக்கு விண்ணப்பம் போடும்போது அனுப்ப மட்டும் அந்த 10 நிமிஷ ரெண்டர் வேணும், லைவ் ஃபைல யாரும் இன்ஸ்டால் பண்ணிப் பாக்க மாட்டாங்க.