13ஆ, 18ஆ, 24ஆ? கமாடோ அடுப்பு வாங்கும் முன்

தெஹிவளையில் புது வீட்டுக்குக் குடிபோயிருக்கும் தங்கச்சி போன கிழமை கேட்டாள்: "அக்கா, ஒரேயடியாப் பெரிசா வாங்கினால் என்ன? ஆக்கள் வந்தாலும் சமாளிக்கலாம் தானே?" முட்டை வடிவத்தில் தடித்த செராமிக் சுவரோடு வரும் கமாடோ கரியடுப்பைத்தான் சொல்கிறாள். வேண்டாம் என்றேன். காரணங்களைப் போனில் சொல்லி முடிக்க முடியவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

கடையில் சொல்லும் அங்குலம் கம்பித்தட்டின் விட்டம். 13க்கும் 18க்கும் ஐந்து அங்குலம்தானே வித்தியாசம் என்று தோன்றும். பரப்பைக் கணக்குப் பாருங்கள்: 13 அங்குலத் தட்டு சுமார் 133 சதுர அங்குலம், 18 சுமார் 254, 24 என்றால் 452. ஒவ்வொரு படிக்கும் இடம் இரட்டிப்புக்குக் கிட்ட வந்துவிடுகிறது.

கணக்கை விடவும் நம்பகமான வழி ஒன்று இருக்கிறது. பழைய பேப்பரில் 33, 46, 61 சென்ரிமீற்றர் விட்டத்தில் மூன்று வட்டம் வெட்டிக் குசினி மேசையில் விரியுங்கள். சந்தையால் வந்ததும் வழமையாக ஞாயிற்றுக்கிழமை சமைப்பதை அதன்மேல் வையுங்கள். தங்கச்சியிடம் செய்யச் சொன்னதும் இதைத்தான். சின்ன வட்டத்தில் முழுக் கோழி ஒன்று இருக்கும், ஆனால் பக்கத்தில் உருளைக்கிழங்குக்கு இடமில்லை. ஒரு கிலோ விளைமீனின் வால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். நடு வட்டத்தில் அதே மீன் தலையோடு வாலோடு படுக்கும், அருகில் நாலு கணவாயும் வைக்கலாம். பெரிய வட்டத்தில் அவளுடைய ஐந்து பேர் குடும்பத்துக்கான சாப்பாடு ஒரு மூலையில் ஒதுங்கிக் கிடக்கும்.

ஓரம் வரைக்கும் நிரப்பவும் முடியாது. நேரடித் தணல் படாமல் மெதுவாக வேகவைக்க, கரிக்கும் கம்பித்தட்டுக்கும் நடுவில் செராமிக் தட்டு ஒன்று போடுவோம். சூடு அதன் விளிம்பைச் சுற்றி மேலே வரும். விளிம்புக்கு நேரே இருக்கும் கோழிக்கால் கருகிவிடும். 13 அங்குல அடுப்பில் இந்தக் குறை நன்றாகவே தெரியும்.

பெரிசு வாங்கினால் கரி வீண் என்கிறார்கள். அது பாதிதான் உண்மை. மேலேயும் கீழேயும் உள்ள காற்றுத் துவாரங்களை மூடினால் தணல் தானாக அணையும், மிச்சக் கரி அடுத்த முறைக்கு உதவும். வீணாவது நேரம். அவ்வளவு செராமிக்கும் சூடேற வேண்டும். ஒருக்கால் அளவுக்கு மேல் சூடேறிவிட்டால் இறங்கவும் பொழுது போகும். வேலையால் வந்து பின்னேரம் நாலு இறால் சுட நினைப்பவருக்கு 24 அங்குலம் பொறுமையைச் சோதிக்கும்.

நம்மூரில் சுலபமாகக் கிடைப்பது சிரட்டைக்கரி. நல்ல சூடு, ஆனால் துண்டுகள் மெல்லியவை. நொறுங்கினால் ஒன்றோடொன்று அடைந்து காற்றைத் தடுக்கும். பெரிய துண்டுகளை அடியிலும் நொறுங்கலை மேலேயும் போடுங்கள். சின்ன அடுப்புக்கு இந்தக் கரி மிகவும் பொருந்தும். மணிக்கணக்காக வேகும் ஆட்டுத்தொடைக்கு மரக்கரிக் கட்டிகள்தான் என் தெரிவு.

வெள்ளவத்தையில் எங்கள் பிளாட்டின் மொட்டை மாடியில் நிற்பது 18 அங்குலம். வெள்ளிக்கிழமைகளில் மரக்கறிதான். அன்றைக்கும் அடுப்பு சும்மா நிற்பதில்லை. கத்தரிக்காயை முழுசாகத் தணலில் சுட்டு, தோல் உரித்து, தயிர் சேர்த்துப் பச்சடி போட்டால் மாமிக்கு வேறு கறியே தேவையில்லை. கடற்காற்றின் உப்பு செராமிக்கை ஒன்றும் செய்யாது. இரும்புப் பட்டியும் பிணைச்சலும்தான் துருப்பிடிக்கும், உறை கட்டாயம். மழைக்காலத்தில் உள்ளே ஈரம் ஊறியிருந்தால் முதல் நெருப்பைச் சின்னதாக வையுங்கள், சட்டென்று சூடேற்றினால் உள் பாகங்களில் வெடிப்பு விழலாம். கண்ணாடி அடைத்த பல்கனியில் கரி மூட்டவே கூடாது. கரி எரியும்போது வரும் நச்சு வாயுவான காபனோரொட்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

மாடி வீட்டில் இருவர்தான் என்றால் 13 போதும். மூன்று நாலு பேருக்கு 15 கிடைத்தால் விடாதீர்கள். தங்கச்சி வீட்டுக்கு 18. வருசத்தில் ஒருநாள் வரும் கூட்டத்துக்கு மேல்தட்டு ஒன்று பொருத்தி இரண்டு அடுக்காகச் சுடலாம்.

வாங்கும் முன் லிஃப்டையும் படியையும் பாருங்கள். பிக் கிரீன் எக் நிறுவனத்தின் அடுப்புகளில் 13 அங்குல மினிமேக்ஸ் ஏறத்தாழ 35 கிலோ, 18 அங்குலத்துக்குச் சற்றுக் கூடிய லார்ஜ் 73, 24 அங்குலம் 99. ஏற்றும்போது உள்ளே இருக்கும் கரிக்கிண்ணத்தையும் அதன்மேல் உட்காரும் செராமிக் வளையத்தையும் தனியாக எடுத்துவிடுங்கள். கைபிடியிலோ பிணைச்சலிலோ பிடித்துத் தூக்க விடாதீர்கள். ஒரு கை கீழ்த் துவாரத்தில், மற்றக் கை பின்பக்க அடியில், இரண்டு பேராகத் தூக்க வேண்டும்.