திரையில் தெரிவது வேறு, குழாய் போவது வேறு

எங்கள் ஆபரேஷன் தியேட்டருக்கு மயக்கவியல் மேல்படிப்புக்காக வரும் ஒவ்வொரு பி.ஜி. பேட்சும் கேட்கும் கேள்வி இது: "மேடம், வீடியோ லாரிங்கோஸ்கோப் பக்கத்துலயே இருக்கு. இன்னும் எதுக்கு மேக்கின்டாஷைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்கணும்?" மயங்கியவர் மூச்சு விடுவதற்காகக் குரல்வளை வழியே குழாய் போடும்போது, நாக்கை விலக்கி உள்ளே பார்க்க உதவும் பிளேடுதான் லாரிங்கோஸ்கோப்; மேக்கின்டாஷ் வெறும் கண்ணால் பார்க்கும் பழைய வகை, வீடியோ வகையில் கேமராவும் திரையும் உண்டு. வாய் வழியாகக் குழாய் போடுவதென்றால் ஒரே வரியில் பதில் சொல்லிவிடுவேன். மூக்கு வழி என்றால் கொஞ்சம் உட்கார்ந்து பேச வேண்டும்.

நான் மயக்க மருந்து கொடுப்பது பெரும்பாலும் வாய், தாடை ஆபரேஷன்களுக்கு. சர்ஜனுக்கு வாய் முழுக்கத் தேவை. மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சரியாகச் சேருகிறதா என்று பார்த்துக் கம்பி கட்ட வேண்டும். குழாய் வாயில் இருந்தால் அது நடக்காது. வருகிறவர்களில் பலர் பைக்கிலிருந்து விழுந்து தாடை உடைந்தவர்கள். இன்னும் பலர் வருடக்கணக்கில் பாக்கும் குட்காவும் மென்று கன்னத்தின் உள்தோல் நார் நாராக இறுகிப்போனவர்கள். இரண்டு பேரையும் முதல் நாள் வார்டில் பார்த்து, "அண்ணே, வாயை நல்லாத் திறங்க" என்றால் இரண்டு பேருமே இரண்டு விரல் அளவுதான் திறப்பார்கள். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. எலும்பு முறிந்தவர் பெரும்பாலும் வலியால் திறக்காமல் இருக்கிறார். மயங்கித் தசை தளர்ந்ததும் பல நேரம் வாய் திறந்துகொள்ளும். பாக்கு இறுக்கிய வாய் எந்த மருந்துக்கும் இளகாது. எந்த லாரிங்கோஸ்கோப் என்று யோசிப்பதற்கு முன்பே இந்த வித்தியாசம் பாதியைத் தீர்மானித்துவிடுகிறது.

ராபர்ட் மேக்கின்டாஷ் 1943-ல் அறிமுகப்படுத்திய வளைந்த பிளேடு இன்றும் எல்லா டிராலியிலும் இருக்கிறது. அதில் குரல்வளையைப் பார்க்க வேண்டுமானால் நம் கண், நாக்கின் அடி, குரல் நாண்கள் எல்லாம் ஒரே கோட்டுக்கு வர வேண்டும். கழுத்து விறைத்தவரிடமும் தாடை சிறுத்தவரிடமும் அந்தக் கோடு அமையாது. வீடியோவில் கேமரா பிளேடின் நுனிக்குப் பக்கத்தில் இருப்பதால், வளைவுக்கு அந்தப் பக்கம் இருப்பதும் திரையில் வந்துவிடும். வான்கூவரைச் சேர்ந்த சர்ஜன் ஜான் பேஸி 2001-ல் கொண்டுவந்த கிளைடுஸ்கோப் என்ற வீடியோ லாரிங்கோஸ்கோப்பின் பெரிய பலம் இதுதான்.

வாய் வழிப் போடும்போது இதே பலம்தான் தொல்லையும் கொடுக்கும். குரல் நாண் பளிச்சென்று தெரியும், குழாய் அந்த வளைவில் ஏறாது. உள்ளே கம்பி வைத்து வளைத்துத்தான் அனுப்ப வேண்டும். மூக்கு வழியில் குழாய் தானாகவே தொண்டையின் பின்சுவரை ஒட்டி இறங்கி, தன் வளைவாலேயே முன்பக்கம் திரும்பும். ஆகவே வளைவு அதிகமுள்ள வீடியோ பிளேடு வாய் வழியைவிட மூக்கு வழிக்கே நன்றாகப் பொருந்துகிறது என்பது என் அபிப்பிராயம்.

அதைவிட முக்கியமான லாபம் வேறு. வெறும் கண்ணால் பார்த்துப் போடும் நேரடி முறையில் குழாயின் நுனி தொண்டையில் தெரிந்ததும், அதை மேகில் ஃபோர்செப்ஸ் என்ற வளைந்த இடுக்கியால் பிடித்துக் குரல்வளைக்குள் திருப்ப வேண்டிவரும். முதல் உலகப் போரில் முகம் சிதைந்த வீரர்களுக்கு இங்கிலாந்தின் சிட்கப்பில் மயக்கம் கொடுத்த ஐவன் மேகில் உருவாக்கிய கருவி அது; நூறு வருஷம் தாண்டியும் வடிவம் மாறவில்லை. ஆனால் சிறிய வாயில் பிளேடும் ஃபோர்செப்ஸும் சேர்ந்து நுழைய இடம் ஏது? நுழைந்தாலும், குழாயின் நுனிக்குப் பக்கத்தில் காற்றடைக்கும் பலூனான கஃபைக் கடித்துக் கிழித்துவிடும் அபாயம் உண்டு. கிளைடுஸ்கோப்பை நேரடி முறையோடு ஒப்பிட்டுக் கனடாவில் நடத்தி 2008-ல் வெளியான ஆய்வில், வீடியோ தரப்பில் வேலை சீக்கிரம் முடிந்தது, ஃபோர்செப்ஸ் தேவைப்படவில்லை. வினாடிக் கணக்கைவிட எனக்கு அந்த இரண்டாவது விஷயம்தான் பெரிது.

ஃபோர்செப்ஸ் இல்லாமல் எப்படி? நுனி உணவுக்குழாய்ப் பக்கமே சரிந்தால், கஃபில் பத்துப் பதினைந்து மில்லி காற்றை ஏற்றுங்கள். நுனி பின்சுவரை விட்டு எழும்பும். குரல் நாண்களுக்கு இடையே புகுந்ததும் காற்றை எடுத்துவிட்டுத் தள்ளுங்கள். மாறாக, உள்ளே போன நுனி முன்சுவரில் முட்டி நின்றால், தலையைச் சற்றுக் குனியவைத்துக் குழாயை மெதுவாகச் சுழற்றினால் போதும். இன்னொன்று, படம் அழகாக வருகிறதே என்று பிளேடைக் குரல்வளையிலேயே கொண்டுபோய் ஒட்டாதீர்கள். கொஞ்சம் பின்வாங்கினால் குழாய் திரும்ப இடம் கிடைக்கும். பிளேடு வாய்க்குள் நுழையும் வரை திரையைப் பார்க்கவே கூடாது. ரிவர்ஸ் கேமராவையே பார்த்துக்கொண்டு பக்கத்துத் தூணில் உரசுகிற டிரைவர் மாதிரி, உதட்டையும் டான்சில் பக்கத்துத் தசையையும் கிழித்துவிடுவார்கள்.

நேரடி முறைக்கு இன்னும் மவுசு இருக்கும் இடம் ரத்தம். மூக்கில் ரத்தக்குழாய்களைச் சுருக்கும் சைலோமெட்டாசோலின் சொட்டு மருந்து விட்டு, குழாயை வெந்நீரில் போட்டு இளக்கி, ஜெல்லி தடவி, மூக்கின் தரையை ஒட்டியே நகர்த்தினாலும் சிலருக்கு ரத்தம் வந்தே தீரும். ஒரு சொட்டு லென்ஸில் பட்டால் திரை முழுக்கச் சிவப்பு. சக்‌ஷனை ஒரு கையில் வைத்துக்கொண்டு வெறும் கண்ணால் பார்க்கிறவர் அப்போதும் வேலையை முடித்துவிடுவார். அதனால்தான் பி.ஜி.க்களுக்கு மேக்கின்டாஷ் வடிவத்திலேயே கேமரா வைத்த பிளேடைக் கொடுக்கிறேன். அவர்கள் நேரே பார்க்கட்டும், நான் திரையில் பார்க்கிறேன். குரல்வளையை வெளியிலிருந்து அழுத்தும் சிஸ்டருக்கும் தன் கை என்ன செய்கிறது என்று தெரிகிறது. முன்பெல்லாம் "இன்னும் கொஞ்சம் வலது பக்கம், சிஸ்டர்" என்று கத்திக்கொண்டே இருப்பேன்.

ஒரு விரல்கூட நுழையாத வாய்க்கு இந்த ஒப்பீடே பொருந்தாது. எந்த பிளேடானாலும் பல்லைத் தாண்ட வேண்டுமே! அங்கே மூக்கு வழியாக விடும் மெல்லிய, வளையும் ஃபைபர்ஆப்டிக் ஸ்கோப்தான், அதுவும் நோயாளி விழித்திருக்கும்போதே. "முதலில் வீடியோவில் முயன்று பார்ப்போம், முடியாவிட்டால் ஃபைபர்" என்பார்கள் சிலர். எனக்கு அதில் உடன்பாடில்லை. இரண்டு முயற்சியில் தொண்டை ரத்தமான பிறகு ஃபைபரில் ஒன்றும் தெரியாது. வரிசையை முதல் நாள் வார்டிலேயே முடிவு செய்து கேஸ் ஷீட்டில் எழுதிவிடுவேன். நோயாளியிடமும் அப்போதே சொல்லிவிடுவேன்: "தூங்க வைக்கிறதுக்கு முன்னாடியே மூக்கு வழியா ஒரு டியூப் போடுவோம்ணே. தொண்டை மரத்துப்போறதுக்கு மருந்து அடிப்போம். கசக்கும், இருமல் வரும். நான் சொல்றப்ப மூச்சை நல்லா இழுங்க." மரத்த தொண்டையில் எச்சில் விழுங்குவதே தெரியாமல் சிலர் பயந்துபோவார்கள். அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.