16 ஆம்பியர் கூந்தல்

போன வருஷ வளைகாப்பு போட்டோ எதிலும் என் முகம் தெரியாது, முடிதான் தெரியும். பக்கத்தில் நின்ற பெரிய அத்தையின் பாதி முகத்தையும் அதுவே விழுங்கியிருக்கும். சித்தி பெண்ணின் வளைகாப்பு வேறு வந்துவிட்டது. பார்லருக்கு நாலு தடவை அழுகிற காசுக்கு ஒரு ஹேர் டிரையரே வாங்கிவிடலாம் என்று வாங்கியும் விட்டேன்.

பிரித்துப் பார்த்தால் 2000 வாட். பிளக்கின் கால் ஒவ்வொன்றும் என் சுண்டுவிரல் தடிமன், ரூம் போர்டில் நுழையவே இல்லை. தம்பிக்கு இந்த மாதிரி நேரத்தில்தான் படிப்பு ஞாபகம் வரும். "2000-ஐ 230-ஆல வகு, கிட்டத்தட்ட 9 ஆம்பியர். உன் ரூம் பாயிண்ட் 6 ஆம்பியர்தான். 16 ஆம்பியருக்குப் போ." எங்கள் வீட்டில் அது மூன்றே இடத்தில் இருக்கிறது. ஏசிக்கு ஒன்று, கீசருக்கு ஒன்று, அப்புறம் சமையலறையில் கிரைண்டருக்கு. ஆக, சனிக்கிழமை சாயங்காலம், பாதி அரைந்த உளுந்துக்குப் பக்கத்தில் என் சிகை அலங்காரம் ஆரம்பமானது. அம்மா கரண்டியோடு காவலுக்கு நின்றாள். மாவில் ஒரு முடி விழுந்தால் இட்லியை நான் மட்டும்தான் தின்ன வேண்டுமாம், ஒரு வாரத்துக்கு.

முதல் நாள் துண்டால் பரபரவென்று தேய்த்துவிட்டு, தலையைக் கவிழ்த்துப் போட்டு, நாலா பக்கமும் சூட்டுக் காற்றை அடித்தேன். நிமிர்ந்தால் தம்பி நிஜமாகவே ஓர் அடி பின்னால் போனான். "புது வீட்டு வாசல்ல கட்டுவாங்களே, அந்த பொம்மை," என்றாள் அம்மா.

அப்புறம்தான் விஷயம் புரிந்தது. முடியின் மேல்தோல் ஓடு வேய்ந்த மாதிரி வேரிலிருந்து நுனி பார்த்து அடுக்கியிருக்கும். காற்று மேலிருந்து கீழே போனால் ஓடு படியும், கீழிருந்து போனால் புயலில் கூரை தூக்குகிற கதைதான். அதற்குத்தான் டிரையர் வாயில் மாட்ட அந்தத் தட்டையான மூக்கு கொடுத்திருக்கிறார்கள். அது பேக்கிங்கோடு வந்த ஏதோ பிளாஸ்டிக் என்று நான் குப்பையில் போட்டிருந்தேன். காபித்தூள் சக்கைக்குள்ளிருந்து மீட்டெடுத்தோம்.

மறுநாள் துண்டுக்குப் பதில் பழைய டீ-சர்ட்டில் ஒற்றி, முக்கால்வாசி தானாகவே காயவிட்டு, மிச்சத்தை நாலு பாகமாகப் பிரித்துத் துணி கிளிப் மாட்டினேன். உருண்டை பிரஷ்ஷில் ஒரு கற்றையைச் சுற்றினேன். சுற்றியது சுற்றியதுதான். தம்பி அரை மணி நேரம் போராடிவிட்டுக் கத்தரிக்கோலை எடுத்துவந்து, "அக்கா, நீயே முடிவு பண்ணு," என்றான்.

ஐந்தாவது முயற்சியில் வலது பக்கம் பட்டு. இடது கைக்கு இன்னும் தொழில் வரவில்லை, அந்தப் பக்கம் தேங்காய் நார். பரவாயில்லை, ஒரு பக்கமாக நின்று போட்டோ எடுத்துக்கொள்ளலாம் என்று தேற்றிக்கொண்டிருக்கும்போதே, "மழை வருது, துணி எடு!" மொட்டை மாடியில் அஞ்சே நிமிஷம். சென்னையில் ஐப்பசி மாசம். முடியை ஒரு வடிவத்தில் பிடித்து வைப்பது அதற்குள் இருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள்தானாம். சூட்டில் நேராக்கி உட்கார வைத்த அந்தப் பிணைப்பெல்லாம் ஈரக்காற்றைக் கண்டதும் பழையபடி தாறுமாறாகக் கைகோத்துக்கொண்டன. வளைகாப்புக்கு இழுத்துப் பின்னி, நாலு முழம் மல்லியை வைத்து அமுக்கிக்கொண்டுதான் போனேன். நல்லாத்தான் இருந்ததாம், அத்தை சொன்னார். அவர் முகம் இந்த முறை முழுசாக விழுந்திருக்கிறது, அந்த சந்தோஷமாக இருக்கும்.

நேற்று அம்மா தலைக்குக் குளித்துவிட்டு வந்து, "சாம்பிராணி போட்டா இருமுது, அந்த மிஷின்ல கொஞ்சம் காத்து காட்டேன்," என்று முக்காலியில் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். பள்ளிக்கூடத்துக்குப் பின்னிவிட அவள் என்னை உட்கார வைத்த அதே முக்காலி. அம்மாவுக்கு முட்டி வரைக்கும் முடி, விரித்தால் காய அரை நாள் ஆகும் என்பது எங்கள் வீட்டில் எல்லோரும் சொல்லும் கதை. நாலு கிளிப் எடுத்து வைத்துக்கொண்டேன். ஒன்றுகூடத் தேவைப்படவில்லை. மூணு நிமிஷத்தில் காய்ந்துவிட்டது.

"அதுக்குள்ளயா?" என்றாள்.

"இல்லம்மா, இன்னும் ஈரம் இருக்கு."

சூட்டை அணைத்துவிட்டு, குளிர்காற்று பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு சும்மா அடித்துக்கொண்டே இருந்தேன். கிரைண்டரில் உளுந்து காத்துக்கொண்டிருந்தது. அம்மா அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.